பெருமாள் ஒப்புக்கொண்ட தப்பு

மேலுமலை இறக்கத்தில் பிரேக்கை மிதித்தால் போதும், அந்த அம்பாசிடருக்குக் குளிர்காய்ச்சல் வந்துவிடும். ஸ்டீயரிங் கையை உதறும், பிரேக் கட்டை காலுக்கடியில் படபடக்கும், பின்சீட்டிலிருந்து முதலாளி கிருஷ்ணப்பன் "டேய், டேய்" என்பார். குந்தாரப்பள்ளிச் சந்தையன்று குறுக்கே வந்த மாட்டுக்காக டிரைவர் பெருமாள் மிதித்த மிதியில் அவருடைய நெற்றி முன்சீட்டில் இடித்துக்கொண்டது. அன்றைக்கே சொல்லிவிட்டார்.

"மகளுக்குக் கல்யாணம் வச்சிருக்கறேன். மாப்ளையூட்டுக்காரங்க இந்த வண்டியிலதான் வரணும். வண்டி மேல தப்புன்னா செலவு பண்றேன். உம்மேல தப்புன்னா வேற ஆளு பாத்துக்கறேன். மேஸ்திரிகிட்ட உட்டு எதுன்னு கேளு. நானே வந்து தெரிஞ்சுக்கறேன்."

பெருமாள் அம்பத்தேழிலிருந்து பதினோரு வருஷமாக அந்த வீட்டுக்கு வண்டி ஓட்டுகிறான். அவனும் மனைவி முனிலட்சுமியும் குடியிருக்கும் ஓட்டு வீடு கிருஷ்ணப்பனின் தோட்டத்தில் இருக்கிறது. வேலை போனால் வீடும் போகும். அவர் அதை ஒருநாளும் சொல்லிக்காட்டியதில்லை. சொல்லிக்காட்டாவிட்டால் மறந்துவிடுமா என்ன?

கிருஷ்ணகிரி சாலையில் கார் ரிப்பேர் ஷெட் வைத்திருந்த மேஸ்திரி தேவமணி சர்ச்சுக்குப் போகும் வேதக்காரர், கோபக்காரர், பெருமாளுக்குப் பழைய சிநேகிதர். ஜாக்கி வைத்து முன்பக்கத்தைத் தூக்கினார். சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டினார், பேரிங்கில் ஆட்டமில்லை. பக்கவாட்டில் ஆட்டினார், அங்கேயும் ஒன்றுமில்லை. சக்கரத்தைச் சுழற்றிவிட்டுக் காதைக் கொடுத்தார். ஒரு சுற்றுக்கு ஒரு தடவை, ஒரே இடத்தில், சரக் என்று உரசியது.

சக்கரத்தோடு சுற்றும் பிரேக் டிரம்மைக் கழற்றினார். உள்ளே இரும்பு திட்டுத்திட்டாக நீலம் பாரித்திருந்தது. காம்பஸை விரித்து உள்வாயை அளந்தார். ஒரு பக்கம் சரியாக நின்ற காம்பஸ், திருப்பி வைத்தால் இடித்தது.

"இது வட்டமே இல்லய்யா, முட்டையாட்டம் இருக்குது. சூடான இரும்பு மேல தண்ணி உழுந்து கோணிக்கினு கெடக்குது. ஆத்துல கீத்துல எறக்கினியா?"

"ஆத்துல இல்ல மேஸ்திரி," என்று பெருமாள் ஸ்டூலில் உட்கார்ந்தான். அவனுக்குப் புரிந்துவிட்டது.

கிருஷ்ணப்பனின் மனைவி சரோஜம்மாள் திங்கள்கிழமை தவறாமல் ஓசூர் மலைக்கோயிலுக்குப் போய்வருவாள். திரும்பும்போது மேலுமலை இறக்கம் முழுக்கப் பிரேக் வேலை செய்யும். அங்கிருந்து வீடு பக்கம்தான். சக்கரம் ஆறுவதற்குள் வாசல் வந்துவிடும். வாசலில் மஞ்சள் தண்ணீர்க் குடங்கள் தயாராக இருக்கும். முச்சந்தியில் யாரோ கழித்துப் போட்ட எலுமிச்சையையும் பூசணியையும் மிதித்து வந்த சக்கரம் வீட்டுக்குள் நுழையக் கூடாதாம். சக்கரத்துக்கு ஒரு குடமாக நாலு குடம் பெருமாள்தான் ஊற்றுவான். குபுகுபுவென்று ஆவி எழும்பும். தோஷம் போகிறது என்று அம்மாள் கன்னத்தில் போட்டுக்கொள்வாள். பெருமாளும் போட்டுக்கொண்டிருக்கிறான்.

இதைக் கேட்டுத் தேவமணி சிரித்தார். "அட, இத அப்படியே சொல்லிட்டா முடிஞ்சுது. உம்மேல ஒரு தப்பும் இல்ல."

"அம்மா மேல பழி சொன்னா நான் அங்க இருக்க முடியுமா? எறக்கத்துல பூரா பிரேக்குல கால வச்சுக்கினே வந்துட்டேன்னு சொல்லு மேஸ்திரி. நானும் ஒத்துக்கறேன். வேற ஆளுன்னதெல்லாம் கோவத்துல சொன்னது. ரெண்டு திட்டு திட்டுவாரு, உட்டுருவாரு. தண்ணிய இனிமே வண்டி ஆறின பொறவு ஊத்திக்கறேன்."

"பொய் சொல்லச் சொல்றியா? போய்யா."

ஆனால் பெருமாள் அவர் கையைப் பிடித்துக்கொண்டான். விடவில்லை. தேவமணி கடைசியில் தலையை ஆட்டினார். அதற்குப் பிறகு அவனோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

டிரம்களை டவுனுக்கு எடுத்துப்போய் லேத்தில் கடைந்து வந்தார்கள். புது பிரேக் லைனிங் போட்டார்கள். மூன்றாம் நாள் பெருமாள் மேலுமலை ஏறி, இறக்கத்தில் வேண்டுமென்றே அழுத்தி மிதித்துப் பார்த்தான். ஸ்டீயரிங் அசையவில்லை. சந்தோஷத்தில் அவனுக்குக் கண் கலங்கியது. இனி ஒரு பயமும் இல்லை என்று நினைத்தான், பாவி.

மறுநாள் காலையில் கிருஷ்ணப்பன் பஸ்ஸில் வந்து ஷெட்டு வாசலில் இறங்கினார். "என்னா மேஸ்திரி, தப்பு வண்டி மேலயா, ஆளு மேலயா?"

தேவமணி தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "எறக்கத்துல பிரேக்க மிதிச்சபடியே வந்திருக்காப்ல. டிரம்மு சூடேறிக் கோணிக்கிச்சுங்க."

"எந் தப்புதாங்க ஐயா. திருத்திக்கறேன்," என்றான் பெருமாள்.

கிருஷ்ணப்பன் திட்டவில்லை. திட்டுவார் என்று காத்திருந்த பெருமாளுக்கு அப்போதுதான் பயம் வந்தது. அவர் சாவிக்காகக் கையை நீட்டினார்.

"இத்தினி வருசம் ஓட்டியும் உனக்கு எறக்கம் எறங்கத் தெரியல. பொண்ணு மாப்ளய எப்படிப்பா உங்கிட்ட ஏத்தி உடறது? மாசம் முடிய ஊட்டுல இருந்துக்க. அப்பறம் காலி பண்ணிக்குடு."

"ஐயா, பொய்யிங்க! நான் சொன்னது பொய்யிங்க! அம்மா ஊத்தச் சொல்ற தண்ணிதாங்க காரணம்!"

"நெசந்தாங்க," என்றார் தேவமணியும். "தண்ணிதான். நாந்தான் மாத்திச் சொல்லிட்டேன்."

கிருஷ்ணப்பன் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "இப்பத்தான் ரெண்டு பேரும் ஒரே வாயா ஒண்ணு சொன்னீங்க. சாவியக் கேட்டதும் எம் பொண்டாட்டி தலையில போடறீங்க. மொதல்லயே தண்ணின்னு சொல்லியிருந்தா நம்பியிருப்பேனே பெருமாளு. அவகிட்ட நானே சொல்லி நிறுத்தியிருப்பேன். இப்ப எதன்னு நம்பறது?"

பெருமாள் அவர் முகத்தையே பார்த்தான். சும்மா சொல்கிறார், அப்போது சொல்லியிருந்தாலும் துரத்தித்தான் இருப்பார் என்று நினைத்துக்கொள்ள ஏதாவது அகப்படுமா என்று தேடினான். அகப்படவில்லை. சாவியைக் கொடுத்தான்.

கிருஷ்ணப்பன் தாமே வண்டியை எடுத்தார். சாலையில் ஏறும் இடத்தில் ஒரு மாட்டு வண்டி குறுக்கே வந்தது. அவர் சட்டென்று மிதித்தார். ஷெட்டு வாசலில் நின்றிருந்த பெருமாளின் வலது காலும் தரையில் அழுந்தியது. வண்டி ஒரு உதறல் இல்லாமல் நின்றது.

"பிரேக்கு அருமையாப் புடிக்குது மேஸ்திரி!" என்று ஜன்னல் வழியாகச் சொல்லிவிட்டு, அவர் வீட்டுப் பக்கம் திருப்பிக்கொண்டு போனார்.