படகுத்துறையின் கடைசி ஆள்

எங்கள் குடும்பப் படம் ஒவ்வொரு வருடமும் ஜூலை முதல் சனிக்கிழமை, மினசோட்டாவில் எங்கள் ஏரிக்கரை வீட்டுப் படகுத்துறையில் எடுக்கப்படும். எடுப்பவள் நான். துறை என்றால் பிரமாதமாக ஒன்றுமில்லை. இரண்டு பேர் தோளுரசி நிற்கும் அகலத்தில் தண்ணீருக்குள் நீண்டு போகும் பலகைகள், அவ்வளவுதான். நான் கரையில் நிற்பேன். எனக்குக் கிட்டே அண்ணன் ஆர்லன், அடுத்துத் தங்கை கார்லா, அப்புறம் பிள்ளைகள். எல்லோருக்கும் பின்னால், தண்ணீர்ப் பக்கத்துக் கோடியில், எங்களைக் கட்டிக்கொண்டு வந்தவர்கள். அப்பா போட்ட வரிசை. யாரும் ஏனென்று கேட்டதில்லை.

இந்த வருடம் கார்லாவின் கணவன் எமெட், சாப்பிட்ட தட்டுகளைக் கழுவிக்கொண்டே சொன்னான்.

"டோரீன், இந்தத் தடவ படத்த நான் எடுக்கறேன். நீ போய் நில்லு."

"உனக்குக் கேமராவ எந்தப் பக்கம் பிடிக்கணும்னே தெரியாதே."

"பரவால்ல. நான் படத்துல இருந்தாலும் ஒண்ணுதான், இல்லாட்டியும் ஒண்ணுதான்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னான். கார்லா சிரிக்கவில்லை. அவன் வெளியே போனதும் என் பக்கம் திரும்பினாள்.

"போன மாசம் எமெட்டுக்கு ஆபீஸ்ல விருது குடுத்தாங்க. குடும்பத்தோட இருக்கற படம் ஒண்ணு கேட்டாங்க. உன் படம் பூரா தேடினோம். ஒண்ணுலகூட அவன் மூஞ்சி இல்ல. பத்தொம்பது வருஷம், டோரீன். மூஞ்சி இருக்கற எடத்துல ஒரு மாவு உருண்டைதான் இருக்கு."

எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. நான் வேண்டுமென்றா செய்தேன்? முன்னால் நிற்பவர் கண்ணில் ஃபோகஸ் வைத்தால் முப்பது அடி தள்ளி நிற்பவர் மங்கத்தான் செய்வார்.

"அவன் தள்ளி நின்னா நான் என்ன பண்றது?"

"தள்ளி நிக்க வெச்சது யாரு?"

உள்ளே போய்ப் பழைய படங்களை ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஆர்லனின் மூக்கு முடியை எண்ணலாம். எமெட் நீலச் சட்டை போட்ட புகையாக இருந்தான், அடுத்த வருடம் கட்டம் போட்ட சட்டையில் புகை. அப்பா படுக்கையில் கிடந்த வருடம் அவரைத் தினமும் தூக்கிக் குளிப்பாட்டியவன் அவன். அந்த வருடமும் புகைதான். எனக்கு வெட்கமாக இருந்தது.

துறையின் கோடியில் ஒரு வாளியை வைத்து, லென்ஸின் துளையைச் சுருக்கி எடுத்துப் பார்த்தேன். வாளி கொஞ்சம் தெளிந்தது. ஆனால் வானம் மூடியிருந்ததால் படம் பதிய அதிக நேரம் பிடித்தது, காற்றில் ஆடிய நாணல் எல்லாம் கலங்கிப்போனது. எங்கள் பிள்ளைகள் நாணலைவிட மோசம். எல்லோரும் கேமராவிலிருந்து ஏறக்குறைய ஒரே தூரத்தில் நின்றால்தான் உண்டு. அதற்குத் துறையைப் பக்கவாட்டிலிருந்து எடுக்க வேண்டும். பக்கவாட்டில் ஏரிதான் இருக்கிறது.

எல்லோரும் வழக்கப்படி வந்து நின்றதும், போட்டிருந்த உடையோடு தண்ணீரில் இறங்கினேன். மார்பளவு வந்ததும் நின்று, கேமராவைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு துறையைப் பார்த்துத் திரும்பினேன்.

"கிறுக்குப் பிடிச்சிருச்சா உனக்கு?" என்றான் ஆர்லன்.

"எல்லாரும் என் பக்கம் திரும்புங்க. ஒருத்தர் பின்னாடி ஒருத்தர் நிக்கக் கூடாது. ஒரே வரிசை."

"அப்பா இதுக்கெல்லாம் ஒத்துக்கிட்டிருக்க மாட்டாரு."

"அப்பாவக் கடைசியில குளிப்பாட்டினது யாரு, நீயா? பேசாம திரும்பி நில்லு."

ஆர்லன் திரும்பி நின்றான். எமெட் மட்டும் கரையிலேயே நின்றான்.

"நான்தான எடுக்கறேன்னு சொன்னேன்?"

"வேணும்னா இங்க வந்து வாங்கிக்கோ."

தண்ணீரைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். பிறகு நடந்தான். எங்கே வேண்டுமானாலும் நின்றிருக்கலாம். பழக்கதோஷம், கோடிக்கே போனான். நான் அவன் முகத்தில் ஃபோகஸ் வைத்து அழுத்தினேன்.

ஒரே ஒரு தடவைதான். அடுத்தது அழுத்துவதற்குள் பிள்ளைகள் தண்ணீரில் குதித்துவிட்டார்கள், பெரியவர்களையும் இழுத்துவிட்டார்கள்.

கரையேறி, சொட்டச் சொட்ட நின்று, படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பதினாறு முகமும் துல்லியம். எமெட்டின் மோவாய்த் தழும்புகூடத் தெரிந்தது. கண்களை மட்டும் இறுக்க மூடியிருந்தான். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"திரும்ப எடுக்கறேன் எமெட். எல்லாரையும் தொடச்சு நிக்க வெக்கறேன்."

கேமராவை வாங்கி ரொம்ப நேரம் பார்த்தான்.

"வேணாம். இதுவே போதும்."

பிறகு கார்லாவைக் கூப்பிட்டு, திரையில் தன் முகத்தின்மேல் விரலை வைத்துக் காட்டினான்.

"பாரு, நான் இருக்கேன்."