தண்ணீர் என்று சொன்னால்தான்

ஏலக்காரருக்கு வாய்தான் பிழைப்பு. கால் உடைந்த நாற்காலியைக்கூட அரண்மனையிலிருந்து வந்ததுபோல் விற்றுத் தள்ளுவார். வீட்டிலும் அதே கூத்துதான். தட்டில் மிஞ்சிய கடைசி ஆப்பிள் துண்டுக்கும் ஏலம் நடக்கும், மனைவி சிரித்துக்கொண்டே விலையை ஏற்றிவிடுவாள். அப்பேர்ப்பட்ட மனிதருக்குப் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்தன. கூடவே பேச்சும் எழுத்தும் போயின. பிறர் சொல்வதெல்லாம் புரியும், பதில்தான் வராது.

மனைவி அசரவில்லை. "ஆறே மாசம், பழையபடி மேடை ஏறிடுவார் பாருங்க" என்று கேட்டவர்களிடமெல்லாம் அடித்துச் சொன்னாள். ஏலக் கூடத்து முதலாளியும் அவள் பேச்சை நம்பி அவருடைய இடத்தை யாருக்கும் கொடுக்காமல் வைத்திருந்தார்.

ஐந்தாம் மாதம், பேச்சுப் பயிற்சி தரும் பெண் தயங்கித் தயங்கி வாயைத் திறந்தாள்.

"அக்கா, இனிமே பேச்சு வர்றது கஷ்டந்தான். அவர் மனசுல இருக்கறத சொல்ல வேற வழி ஏதாவது பழக்கலாமே."

"உனக்கு முடியலன்னா விட்டுரும்மா. நான் பேச வைக்கறேன்."

அந்தப் பெண் அதோடு வருவதை நிறுத்திக்கொண்டாள்.

தேவை வந்தால் வாய் தானாகத் திறக்கும் என்று மனைவி ஒரு கணக்குப் போட்டாள். எந்தப் புண்ணியவான் காதில் ஓதினானோ தெரியாது. தண்ணீர் டம்ளரை அவருக்கு எட்டாத ஜன்னல் திட்டில் வைத்தாள்.

"தண்ணின்னு சொல்லுங்க, தர்றேன்."

"த... த..."

"முழுசா சொல்லுங்க. உங்க நல்லதுக்குத்தானே சொல்றேன்?"

அவர் கழுத்து நரம்பு புடைக்க முயன்று பார்ப்பார். கடைசியில் அவளே மனசு கேட்காமல் இரண்டு வாய் ஊற்றுவாள். நாலைந்து நாளில் அவர் முயல்வதை விட்டார். பிறகு ஜன்னல் பக்கம் பார்ப்பதையும் விட்டார். தாகம் இல்லை போலிருக்கிறது என்று அவள் நினைத்துக்கொண்டாள். கொடுமைக்காரி இல்லை அவள். ஆசை கண்ணை மறைத்துவிட்டது, அவ்வளவுதான்.

பத்தாம் நாள் நெருப்பாய்க் காய்ச்சல், நினைவு தப்பியது. ஆஸ்பத்திரியில் டாக்டர் அவருடைய வறண்ட நாக்கைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"உடம்புல நீரே இல்ல. சிறுநீரகம் வரைக்கும் பாதிச்சிருக்கு. தண்ணி குடுக்கறீங்களா இல்லையா?"

"கேட்டா குடுப்பேன் டாக்டர்."

"அவர் எப்படிம்மா கேப்பார்?"

டாக்டர் அடுத்த கட்டிலுக்குப் போய் வெகுநேரமாகியும் அவள் நின்ற இடத்திலேயே நின்றாள்.

அவர் உயிர் பிழைத்து வீடு வந்த மறுநாள் காலை அவள் முதலாளிக்குப் போன் செய்தாள். "வேற ஆள வெச்சுக்கோங்க. அவர் இனி வரமாட்டார்." சொன்ன பிறகு சமையலறைத் தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். செத்தவருக்கு அழுவதுபோலத்தான் அழுதாள். முகம் கழுவிக்கொண்டு, தாளும் பென்சிலுமாக அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

டம்ளர் ஒன்று வரைந்தாள். தட்டு, கட்டில், கழிவறைக் கதவு. எல்லாமே கோணல்மாணல்.

"எது வேணுமோ அதுல விரல வைங்க. நீங்க பேசவே வேணாம்."

அவர் எதையும் தொடவில்லை. இடது கையால் பென்சிலைப் பிடுங்கினார். நடுங்கி நடுங்கி ஒரு வட்டம் போட்டார், அதற்குள் சரிந்த இரண்டு புருவங்கள், கீழே இறுகிய ஒரு வாய்.

"கோவமா? எம்மேலயா?"

ஆமாம் என்று அவர் தலையைப் பலமாக ஆட்டினார். அந்தப் புருவங்கள் மேலேயே திரும்பத் திரும்பக் கிறுக்கினார். தாள் கிழிந்தது.

பேச்சு போன இந்த ஆறு மாதத்தில் அவர் அவளிடம் சொன்ன முதல் விஷயம் அது. அவள் வேறொரு தாளை எடுத்து அவர் முன்னால் வைத்தாள்.

"இன்னும் இருக்கும். எல்லாத்தையும் போடுங்க."

தாள் நகராமல் இருக்க அதன் ஓரத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.