காளானும் கலியாண வெடியும்

பெற்றிசியா, மருத்துவர் ஸஜானாவின் மேசையில் ஐஸ்கிறீம் டப்பா ஒன்றைத் திறந்து வைத்தாள். உள்ளே, மழைக்குப் பிறகு கழுதைச் சாணியில் முளைத்த காளான்கள்.

“கனடாவில காளான் குளிசை குடுத்து மனப் பயத்தை எடுக்கினமாம், டொக்டர். தம்பி வீடியோ அனுப்பினவன். இவருக்கு எத்தினை அவிக்கிறது?”

பக்கத்துக் கதிரையில் அவளுடைய கணவர் லெம்பேட் தலைகுனிந்து இருந்தார். கடலில் எந்தக் காற்றுக்கும் அசையாதவர். போர் முடிந்து வன்னியிலிருந்து பள்ளிமுனைக்குத் திரும்பிப் பத்து வருடமாகியும் வெடிச் சத்தம் கேட்டால் கட்டிலுக்குக் கீழே போய்விடுவார். அடுத்த மாதம் மகள் பிரேமினிக்குக் கலியாணம். தாலி கட்டி மணமக்கள் கோயில் வாசலுக்கு வரும்போது வெடி கொளுத்துவது ஊர் வழக்கம். அப்பாவுக்காக, வெடியே வேண்டாம் என்று சொல்லிவிட்டாள் பிரேமினி. அதுதான் அவருக்குப் பொறுக்கவில்லை.

ஸஜானா டப்பாவை மூடினாள். “அன்ரி, அந்தக் குளிசை அளந்து செய்த மருந்து. இன்னும் ஆராய்ச்சிதான் நடக்குது. இதைத் திண்டா ஈரல் போயிடும்.”

“நான் அப்பவே சொன்னனான், கழுதையே திரும்பிப் பாக்கேல்லை எண்டு,” என்றார் லெம்பேட். “அங்க குளிசையைக் குடுத்துப்போட்டு விட்டிடுவினமோ?”

“இல்லை அங்கிள். முதல்ல ஆறுதலா இருத்திக் கதைப்பினம். பிறகு கண்ணைக் கட்டி, பாட்டுப் போட்டு, மருந்தின்ர வேகம் முடியுமட்டும் ரெண்டுபேர் பக்கத்திலயே இருப்பினம். பயம் வந்தா ஓடாம அதைப் பாக்கச் சொல்லுவினம்.”

“குளிசையை விட்டிட்டு மிச்சத்தைச் செய்யேலாதோ?”

ஸஜானா சிரித்துவிட்டாள். “சத்தத்துக்குக் கொஞ்சங்கொஞ்சமாப் பழக்குற வைத்தியம் இஞ்சயே இருக்கு.”

முதலில் கிளினிக்கில், தொலைபேசியில் பதிந்த வெடிச் சத்தம், மெதுவாக. பிறகு கூட்டி. கடைசியில் கீரிக் கடற்கரையில் உண்மையான வெடி. ஒரு பக்கம் பெற்றிசியா, மறுபக்கம் ஸஜானா.

வெடித்ததும் லெம்பேட் மணலில் குப்புற விழுந்தார். பெற்றிசியாவும் பக்கத்தில் படுத்துக்கொண்டாள்.

“எழும்புங்கோ. நண்டு பாத்துச் சிரிக்குது.”

மூச்சு வாங்கி எழுந்தவர் கையை நீட்டினார். “நெருப்பை என்னட்டத் தாங்கோ. எப்ப வெடிக்குமெண்டு தெரிஞ்சா நிப்பன்.”

நின்றார். தானே கொளுத்திய வெடி வெடித்து முடியும்வரை நின்றார்.

கலியாணத்தன்று மணமக்கள் கோயில் வாசலில் வந்து நின்றபோது படம் எடுப்பவர் பெண்ணின் தகப்பனைத் தேடினார். புது வேட்டியை மடித்துக் கட்டிய லெம்பேட், கையில் ஊதுபத்தியோடு வெடிச்சரத்தின் பக்கத்தில் நின்றார். மற்றக் கை பெற்றிசியாவின் கையை இறுக்கியதில் அவளுடைய கண்ணாடி வளையல் ஒன்று உடைந்தது.

சரம் வெடித்து முடிந்தது.

“அப்பா, படத்துக்கு வாங்கோ!” என்று பிரேமினி கத்தினாள்.

“பொறு பிள்ளை, இன்னொரு சரம் கிடக்கு.”