பெயர் எழுதாத பை

ஓபோன் பண்டிகை முடிந்த மறுநாள் முற்பகலில் எங்கள் வாசலில் ஒரு குப்பைப் பை உட்கார்ந்திருந்தது. டவுன் ஆபீஸ் விற்கும் மஞ்சள் பைதான். வயிறு உப்பி, அடியில் பழுப்பாக ஏதோ கசிந்து முதல் படிவரை ஓடியிருந்தது. மேலே சிவப்புத் தாள் ஒட்டியிருந்தார்கள்: ‘பெயர் இல்லை. எடுக்க இயலாது.’ யாரோ அதைத் தெருமுனைக் குப்பைக் கூண்டிலிருந்து இவ்வளவு தூரம் தூக்கி வந்து, சத்தம் போடாமல் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். கதவைத் தட்டிச் சொன்னால் என் மனம் புண்படுமாம். அவ்வளவு நல்லவர்கள்.

ஓபோனுக்காக ஒரு வாரம் குப்பை வண்டி வரவில்லை. அந்த ஒரு வாரமும் டோக்கியோவிலிருந்தும் செந்தாய் நகரத்திலிருந்தும் பிள்ளை குட்டிகள் வந்து இறங்கினார்கள். செத்துப்போன முன்னோர் வீட்டுக்கு வருகிற நாட்கள் என்று பெயர்; வந்து தின்றதெல்லாம் உயிரோடு இருந்தவர்கள். சுட்ட கணவாய், தர்பூசணி, பியர். பதினாறாம் தேதி மாலை கார்களைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார்கள். எலும்பும் தோலும் குடலும் ஆகஸ்ட் வெயிலில் கூண்டுக்குள் ஊறிக்கொண்டிருந்தன. காக்கைகள் வலையைக் கொத்தி மீன் குடலைச் சாலைவரை இழுத்துப் போட்டிருந்தன.

எங்கள் வீட்டுக்கு யாரும் வரவில்லை. மாமியார் போன பிறகு நாத்தனார் வருவதில்லை. நானும் என் கணவர் மொரியோவும்தான். நாங்கள் இருவரும் ஒரு வாரத்தில் போட்டது முக்கால் பை. அதில் ‘கன்னோ’ என்று எங்கள் குடும்பப் பெயரைக் குழந்தைக்குக்கூடத் தெரியும் அளவுக்குப் பெரிதாக எழுதியிருந்தேன். எப்போதும் அப்படித்தான் எழுதுவேன். பிலிப்பைன்ஸில், இலோயிலோவில் என் அம்மா வீட்டில் நான் தட்டுக் கழுவியதைவிட, இந்த யமகாத்தா மலைக்கு வந்து பத்தொன்பது வருஷமாகக் குப்பை கழுவியதுதான் அதிகம். பால் டப்பாவை அலசி, வெட்டி, விரித்து, காயவைத்து, அடுக்கிக் கட்டிப் போடுவேன். அப்படிப்பட்டவள் வாசலில் இந்தப் பை. நாற்றமும் மீன் நாற்றமாக இல்லை. அது மனுஷ நாற்றம்.

அந்த வாரம் முறைக்காரி பக்கத்து வீட்டு இகராஷி மித்சுயே. எங்கள் தெருவில் பதினாலு வீடு. ‘குப்பை முறை’ என்று எழுதிய ஒரு மரப்பலகை வாரத்துக்கு ஒரு வீடாக வாசலில் தொங்கும். பலகை தொங்குகிற வீட்டார் காலையில் கூண்டைத் திறந்து, வலையை விரித்து, வண்டி போன பிறகு பெருக்கிக் கழுவ வேண்டும். வண்டிக்காரர் விட்டுப்போன பையை உரியவரிடம் சேர்ப்பதும் அவர்கள் வேலை. உரியவர் யாரென்று மித்சுயே யாரையும் கேட்கவில்லை. பெயர் இல்லாத பை என்றால் வெளிநாட்டுக்காரியுடையதாகத்தான் இருக்கும் என்று கால் தானாக என் வீட்டுப் பக்கம் திரும்பியிருக்கிறது.

நான் போய்ச் சொன்னேன். அது எங்களுடையது இல்லை என்று பணிவாகத்தான் சொன்னேன். அவள் தலையைச் சாய்த்து, அப்படியா, சிரமமாப் போச்சே என்றாள். ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. உள்ளே போய் உப்பில் ஊறிய கத்தரிக்காய் நாலு கொண்டுவந்து கையில் திணித்தாள். பிறகு வழக்கமான பாட்டு: நம்ம பாஷையை எவ்வளவு நல்லா பேசுறீங்க. பத்தொன்பது வருஷமாக என்னைப் பாராட்டிக்கொண்டே இருக்கிறார்கள். குச்சியால் சாப்பிட்டால் பாராட்டு, முகவரி எழுதினால் பாராட்டு. வீட்டு ஆளை யாராவது தினமும் பாராட்டுவார்களா?

மொரியோவிடம் சொன்னேன். என் கணவர் நல்ல மனிதர். அதுதான் அவரிடம் உள்ள கெட்ட பழக்கம். பையைக் கொட்டகைக்குப் பின்னால் தள்ளி வைத்து, மேலே தார்ப்பாய் போட்டு மூடினார். வெள்ளிக்கிழமை நான் வயலில் இருந்த நேரத்தில், மார்க்கர் பேனாவை எடுத்து அதன்மேல் ‘கன்னோ’ என்று எழுதிக் கூண்டில் கொண்டுபோய் வைத்துவிட்டார். பிரச்சினை இல்லாமல் முடிந்தது என்று சந்தோஷமாக வேறு வந்து சொன்னார்.

“ஊரான் நரகலுக்கு நம்ம பேரை எழுதிட்டு வந்திருக்கீங்களே,” என்றேன்.

“ஒரு பைதானே, எரி,” என்று என் பெயரைச் சொல்லிச் சமாதானப்படுத்தினார். “போயிடுச்சுல்ல?”

பை போய்விட்டது. பெயர் நின்றுவிட்டது. முதலில் இல்லை என்றார்கள், பிறகு அவர்களே பெயர் எழுதி வைத்தார்கள் என்று தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது. அன்றிரவு நான் அவருக்குச் சோறு போட்டேன், முகத்தைப் பார்க்கவில்லை.

அதற்கடுத்த வாரம் பலகை எங்கள் வாசலுக்கு வர வேண்டிய முறை. ஞாயிற்றுக்கிழமை மாலை மித்சுயே பலகையோடு வெளியே வந்ததை ஜன்னலிலிருந்து பார்த்தேன். எங்கள் வாசலைத் தாண்டும்போது லேசாகக் குனிந்து வணங்கிவிட்டு, நேரே அடுத்த வீடான ஒகுயாமா வீட்டுக்குப் போய் மாட்டினாள். ஓடிப்போய்க் கேட்டேன். உங்களுக்குச் சிரமம் குடுக்க வேண்டாம்னு பேசிக்கிட்டோம் என்று சிரித்தாள்.

அந்தத் தெருவில் பலகை தாண்டிப்போகும் வீடு ஒன்றே ஒன்றுதான். கூரை இடிந்து, உள்ளே மூங்கில் முளைத்து நிற்கிற ஆளில்லாத வீடு. இப்போது இரண்டாவது வீடு என்னுடையது. இன்றைக்குப் பலகை, நாளைக்குத் திருவிழா, நாளை மறுநாள் என் வீட்டில் சாவு விழுந்தால் தூக்க ஆள் வராது. மாமியார் இருந்தவரை பலகை வந்தது. அவர் இடுப்பொடிந்து கிடந்த ஆறு வருஷம் அவர் பேரில் கூண்டைக் கழுவியது யார்? இந்தக் கைகள்தான். அப்போது யாருக்கும் சிரமம் தெரியவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை ஒலிபெருக்கியில் வழக்கம்போலத் தெருச் சங்கத் தலைவர் ஒகுயாமா தோகுஜியின் குரல் வந்தது. எண்பத்தொரு வயது, குரல் மட்டும் இரும்பு. பையில் பெயர் எழுதுங்கள், நம் தெருவின் மானத்தைக் காப்பாற்றுங்கள் என்றார். ஒரே அறிவிப்பை அன்று மூன்று தடவை படித்தார். நான் அவரையும் அவர் மானத்தையும் மனதாரத் திட்டிக்கொண்டே அவரைக்காய் பறித்துக்கொண்டிருந்தேன்.

வண்டி போய்ச் சற்று நேரத்தில், கொடிப் பந்தலுக்கு அந்தப் பக்கம் எங்கள் வாசலில் யாரோ நடக்கும் சத்தம். எட்டிப் பார்த்தேன். தலைவரின் மனைவி ஃபுசாயே. அந்த வாரம் பலகை அவள் வாசலில்தானே தொங்கியது. சிவப்புத் தாள் ஒட்டிய உப்பிய பையைப் படியில் வைத்தாள். மூடிய கதவைப் பார்த்து இடுப்பு வளைய வணங்கினாள். பிறகு திரும்பி நடந்தாள்.

அதே நாற்றம். எனக்குப் பொறுக்கவில்லை. காய் வெட்டும் கத்தரிக்கோலால் பையை நெடுக்கக் கிழித்தேன். செய்தித்தாளில் பொட்டலம் பொட்டலமாகச் சுற்றி வைத்திருந்தது பெரியவர்கள் கட்டுகிற டயாப்பர். மலத்தைக்கூடக் கழிவறையில் தட்டிக் கொட்டாமல் அப்படியே சுருட்டி வைத்திருந்தார்கள். புழு நெளிந்தது. குமட்டிக்கொண்டு வந்து, செவ்வந்திப் பாத்தி ஓரமாகப் போய் வாந்தி எடுத்தேன். வாயைத் துடைத்துக்கொண்டு வந்து மறுபடி குச்சியால் கிளறினேன். பத்தொன்பது வருஷத்துக் கோபம், நிறுத்த முடியவில்லை. அடியில் மருந்துக்கடை உறை ஒன்று நனைந்து கிடந்தது. உறையில் பெயர் அச்சடித்திருந்தது: ஒகுயாமா தோகுஜி.

நிமிர்ந்தபோது ஃபுசாயே வேலிப் பக்கம் நின்றிருந்தாள். என்ன செய்கிறேன் என்று பார்த்துவிட்டாள். கிட்டே வந்து, அந்த அசிங்கத்துக்குப் பக்கத்திலேயே மண்டியிட்டு உட்கார்ந்தாள். வசந்த காலத்திலிருந்து இப்படித்தான் என்றாள். அவருக்கு இது தெரியாது, டயாப்பரைத் தாத்தா காலத்துக் கோவணம் என்று நினைத்துக் கட்டிக்கொள்கிறார், பாதி நாள் தன் மகனையே யாரென்று கேட்கிறார். தலைவர் பதவியை விடச் சொன்னால் அடிக்க வருகிறார். பையில் பெயர் எழுதினால் ஊருக்குத் தெரிந்துவிடும் என்று, விடியுமுன் கொண்டுபோய் எல்லாப் பைக்கும் அடியில் வைப்பாளாம்.

எனக்குப் பாவமாகத்தான் இருந்தது. அவள் அடுத்த வாக்கியம் சொல்லும்வரை.

“எரி சான்,” என்று மரியாதையோடு கூப்பிட்டாள், “இது இப்படியே இருந்துட்டுப் போகட்டுமே. உங்களுக்கு என்ன, நீங்க வெளிநாட்டுக்காரங்க. நாலு நாள் பேசுவாங்க, அப்புறம் மறந்துடுவாங்க. நாங்க இங்கயே வாழ்ந்து இங்கயே சாகணும்.”

“நான் எங்க போய்ச் சாகப் போறேன்?” என்று கேட்டேன்.

அவளுக்கு அந்தக் கேள்வி விளங்கவே இல்லை. முகத்தைப் பார்த்தால் தெரிந்தது. நான் இங்கேதான் சாவேன் என்பது இந்தத் தெருவில் யாருக்குமே தோன்றியதில்லை. புழுவைப் பார்த்தபோது வந்ததைவிடப் பெரிய அருவருப்பு அப்போதுதான் எனக்கு வந்தது.

பேரம் பேசினேன். நான் வாயைத் திறக்க மாட்டேன். அவள் உடனே போய்ப் பலகையைத் தன் வாசலிலிருந்து கழற்றி, பட்டப்பகலில், நாலு பேர் பார்க்க, என் வாசலில் மாட்ட வேண்டும். இனி அவள் பையில் அவள் பெயர் இருக்க வேண்டும். தலையாட்டினாள். பலகை வந்தது. அடுத்தவள் புருஷன் மலத்தை வைத்து மிரட்டி வாங்கிய மரியாதை அது. வாசலில் தொங்குவதைப் பார்க்க எனக்கே கூசியது. ஆனாலும் பலகைமேல் படிந்திருந்த தூசியைத் துணியால் துடைத்தேன்.

வெள்ளிக்கிழமை காலை ஆறரைக்கே கூண்டைத் திறந்துவிட்டேன். அடியில் ஒரு பை ஏற்கெனவே இருந்தது. செய்தித்தாள் பொட்டலங்கள் மஞ்சளுக்குள் மங்கலாகத் தெரிந்தன. பெயர் இல்லை. ஒருவர் பின் ஒருவராகத் தெருவே வந்து சேர்ந்தது. மித்சுயே வந்தாள். ஃபுசாயேவும் அவள் பின்னால், இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் தலைவரும் வந்தார்கள். வணக்கம் சொல்லத் தலைவர் நெருங்கி வந்தபோது நான் மூச்சை அடக்கிக்கொண்டேன்.

துடைப்பத்தை எப்படிப் பிடிப்பது என்று எனக்கு மெதுவாக, காது கேளாதவளுக்குச் சொல்வதுபோல விளக்கினார். பிறகு அவர் கண் அந்தப் பையில் விழுந்தது. இது யாரது என்று அதட்டினார். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் ஃபுசாயேவைப் பார்த்தேன். ஒரு சொல் போதும். நேற்று அவசரத்தில் எழுத மறந்துவிட்டேன் என்று அவள் சொன்னால்கூட நான் விட்டிருப்பேன்.

“கன்னோ வீட்டதா இருக்கும்,” என்றாள் ஃபுசாயே, தரையைப் பார்த்துக்கொண்டு. “போன தடவை மாதிரி.”

நான் மேல்சட்டைப் பையிலிருந்து மார்க்கரை எடுத்தேன். பையை வெளியே இழுத்து, எல்லாருக்கும் தெரியும்படி நிமிர்த்தி வைத்து, பெயர் எழுதும் இடத்தில் ‘ஒகுயாமா’ என்று நிறுத்தி நிதானமாக எழுதினேன். தலைவர் குனிந்து, கண்ணாடியை மேலேற்றி, அதை வாசித்தார். அவர் முகம் மலர்ந்தது.

“எவ்வளவு அழகா எழுதியிருக்காங்க பாருங்க,” என்றார் எல்லாரையும் பார்த்து. “வெளிநாட்டுக்காரங்க, நம்ம பேரையே எழுதக் கத்துக்கிட்டாங்க.”

பத்தொன்பது வருஷத்தில் முதல் தடவையாக அந்தப் பாராட்டுக்கு யாரும் கூடச் சேர்ந்து தலையாட்டவில்லை. அவர் பையைத் தன் கையாலேயே தூக்கி, எல்லாவற்றுக்கும் முன்னால், பெயர் வெளியே தெரியும்படி வைத்தார். ஃபுசாயே அவர் முழங்கையைப் பிடித்துக் கூட்டிப்போனாள். வெள்ளைச் சட்டைக்குக் கீழே கால்சட்டையின் பின்புறம் ஈரமாக இருந்ததை எல்லாரும் பார்த்தார்கள். வண்டி வந்து பைகளை அள்ளிப்போனது. நான் கூண்டைக் கழுவினேன். வீட்டுக்கு வந்து கையை மூன்று தடவை சோப்புப் போட்டுக் கழுவினேன். ஜெயித்த மாதிரி எதுவும் தோன்றவில்லை. ஒரு நோயாளியைத் தெருவில் அம்மணமாக நிறுத்திய மாதிரிதான் இருந்தது. அவளையும் மன்னிக்க முடியவில்லை, என்னையும் முடியவில்லை.

ஞாயிறு மாலை பலகையைக் கழற்றிக்கொண்டு வெளியே வந்தேன். வரிசைப்படி அடுத்த முறை ஒகுயாமா வீடு. மித்சுயே எனக்காகவே காத்திருந்தவள்போல வேலியோரம் வந்தாள். கையில் மறுபடியும் கத்தரிக்காய். குரலைத் தணித்துக்கொண்டாள்.

“அந்த வீட்டுல மாட்ட வேண்டாம் எரி சான். பாவம், அவங்களுக்குச் சிரமம். தாண்டி அடுத்த வீட்டுல குடுத்துடலாம். நாம எல்லாரும் அப்படித்தானே நினைக்கிறோம்?”

அந்த எல்லாரிலும் நான் இருந்தேன். அதில் சேர்வதற்காகத்தான் பத்தொன்பது வருஷம் பால் டப்பா கழுவினேன்.

கத்தரிக்காயை வாங்கவில்லை. நேரே நடந்துபோய், பலகையை ஒகுயாமா வீட்டு வாசலில் மாட்டினேன்.