வள்ளி பக்கத்து ஓரம்

பரணிதரன் தன் இடத்தில் உட்கார்ந்த பிறகும் தெப்பம் நேராகவில்லை. எதிர் ஓரத்தில் அக்கா புருஷன் தணிகாசலம் பாவா உட்கார்ந்திருந்த பக்கம் பலகை தண்ணீரைத் தொட்டது; இவர் பக்கத்துப் பீப்பாய்கள் மேலே தூக்கிக்கொண்டு சொட்டின. கரையில் யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது அவருக்கு.

திருத்தணியை ஒட்டிய அந்த நெசவுத் தெருவில் ஆடிக்கு ஆடி குளத்தில் தெப்பம் விடுவார்கள். இரண்டு வரிசை பிளாஸ்டிக் பீப்பாய், மேலே சவுக்குக் கட்டை, பலகை, நடுவில் முருகனும் வள்ளியும். தெரு வழக்கப்படி வள்ளி பக்கத்து ஓரத்தில் ஒரு வீட்டுப் பெண்ணின் தம்பியும் முருகன் பக்கத்து ஓரத்தில் அந்த வீட்டு மாப்பிள்ளையும் உட்கார வேண்டும். அக்கா அனுராதாவைத் தணிகாசலம் கட்டிக்கொண்ட வருஷத்திலிருந்து இரண்டு இடமும் இவர்களுடையதுதான். அப்போது இருவரும் ஒரே கனம். நடுக்குளத்தில் கண்ணைக் காட்டிக்கொண்டு ஒரே நேரத்தில் ஒரு பக்கமாகச் சாய்வார்கள். குருக்கள் வாய்க்கு வந்தபடி திட்டுவார், மேளக்காரர் தவிலைக் கட்டிப்பிடித்துக்கொள்வார். கரைக்கு வந்ததும் அக்காவிடமிருந்து இரண்டு பேருக்கும் சேர்த்து வசவு விழும். என்ன சந்தோஷமான நாட்கள் அவை!

இந்த ஒரு வருஷத்தில் சர்க்கரை வியாதி பரணிதரனை உருக்கிவிட்டது. பாவாவோ தறியை விட்டுத் துணிக்கடைக் கல்லாவில் உட்கார்ந்து ஊதிப்போனார். விழாவைப் பார்த்துக்கொள்ளும் நாகராஜன் முதலில் ஒரு மணல் மூட்டையைக் கொண்டுவந்து பரணிதரன் பக்கத்தில் வைக்கப் பார்த்தான். அவர் முகம் போன போக்கைப் பார்த்து எடுத்துவிட்டான்.

"தப்பா நெனைச்சுக்காதீங்க மாமா. ஆரத்திக்கு எல்லாரும் அந்தப் பக்கம் சாஞ்சா கவுந்துடும். உங்க எடத்துல நல்லா கனமா இருக்கற பையன் கௌதமன் குந்தட்டும், நீங்க கரையிலேர்ந்து பாருங்க."

அவன் சொன்னது நியாயம்தான். அதனால்தான் அதிகமாக வலித்தது. அடுத்த ஆடிக்குத் தான் இருப்போமா என்பதே தெரியாதபோது, இன்று இறங்கினால் இறங்கியதுதான். பரணிதரன் பலகையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

"குந்துடா பரணி" என்றார் பாவா.

சொல்லிவிட்டு, உட்கார்ந்த வாக்கிலேயே உடம்பை நகர்த்தி நகர்த்தி ஓரத்திலிருந்து நடுவுக்கு வந்தார். அவர் வர வர அந்தப் பக்கம் மெல்ல மேலே ஏறியது. சாமிக்குப் பின்னால், மேளக்காரரின் முழங்காலை ஒட்டி அவர் அடங்கியபோது தெப்பம் நேராக நின்றது. முருகன் பக்கத்து ஓரத்தில் இருப்பவருக்குத்தான் படித்துறையில் மாப்பிள்ளை மாலை விழும் என்று நாகராஜன் நினைவுபடுத்தினான். அந்த மாலைக்காகப் பங்காளிகளோடு மல்லுக்கு நின்ற மனுஷன் அவர்.

"நான் இங்கயே குந்திகினு வரேன். நீ கரையிலேர்ந்து கயிற இழு" என்றார் பாவா அவனிடம்.

நாதஸ்வரம் தொடங்கியது. குளத்தைச் சுற்றி வந்து படித்துறையை நெருங்கியதும், ஆரத்தித் தட்டை வாங்கக் குருக்களும் மற்றவர்களும் முருகன் பக்கம் குனிந்தார்கள். பரணிதரனின் பக்கம் சட்டென்று தூக்கியது. அவர் கண்ணை மூடிக்கொண்டார். பாவா தவழ்ந்து வந்து அவர் பக்கத்தில் தொப்பென்று உட்கார்ந்தார். தூக்கிய ஓரம் இறங்கி, தண்ணீர் இருவர் வேட்டியையும் நனைத்தது. தோளோடு தோள் இடித்தபடி பாவா மூச்சு வாங்கினார்.

படித்துறையில் அனுராதா, மாலையை இரண்டு கையிலும் விரித்துப் பிடித்தபடி, ஆளில்லாத அந்த எதிர் ஓரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.