கோழிகளுக்குப் போன சர்க்கரை

...கிளறியது போதுமா, இன்னும் நாலு சுற்று கிளறலாமா, அடியில் எங்கேயாவது கட்டி நின்றுவிட்டால் அதிலிருக்கும் சர்க்கரை அங்கேயே தங்கிவிடும், பள்ளிக்கூடச் சமையலறையில் முப்பது வருடம் ஓட்ஸ் கஞ்சி கிளறியவளுக்குக் கட்டி எங்கே ஒளிந்திருக்கும் என்று தெரியாதா என்ன... மார்லிஸ் மரத்துடுப்பைப் பெட்டியின் மூலைக்குள் விட்டுத் துழாவினாள், இதோ, எலுமிச்சை அளவுக்கு ஒன்று, உடைத்தால் உள்ளே காய்ந்த மாவு. இருபத்திரண்டு பவுண்டு மால்ட், பீருக்காக முளைகட்டி உலர்த்திய பார்லி, சாதாரண பீருக்குப் போடுவதைப்போல இரண்டு மடங்கு, கோடையில் ஏரிக்கரைக்குச் சாண்ட்விச் கொண்டுபோகிற அதே ஐஸ் பெட்டியில் சுடுதண்ணீரோடு விளிம்புவரை நிற்கிறது. கராஜ் கதவிடுக்கு வழியாக டுலூத் நகரத்தின் அக்டோபர் காற்று உள்ளே வருகிறது, அவள் புருஷன் ஆரின் போர்வை போர்த்தி மடக்கு நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறான், நெஞ்சைத் திறந்து தைத்து ஐந்து வாரம் ஆகிறது, ஒரு கேலன் பாலுக்கு மேல் எதையும் தூக்கக் கூடாது என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார், அதனால்தான் இந்த வருடம் துடுப்பு இவள் கையில்.

பாவம், அவன் கேட்டது பெரிதாக ஒன்றுமில்லை. நாலு வருடத்துக்கு முன்னால், அவனுடைய ஐம்பத்தெட்டாவது வயதில், தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் காப்பியும் கேக்குமாக நடந்த கல்யாணம், அவனுக்கு முதலாவது, அவளுக்கு இரண்டாவது. பத்தாவது வருடம் திறப்பதற்கு ஒரு பீர் போட்டுவைக்க வேண்டும் என்றான், அவ்வளவுதான். பத்து வருடம் தாங்க வேண்டுமென்றால் தானியத்திலிருந்து வடியும் இனிப்புச் சாறு அவ்வளவு கெட்டியாக இருக்க வேண்டும், கண்ணாடிக்குழலை மிதக்கவிட்டுப் பார்த்தால் நூறு காட்ட வேண்டும், வெறும் தண்ணீருக்குப் பூஜ்யம், சாதாரண பீருக்கு ஐம்பது. மூன்று அக்டோபரிலும் எண்பதைத் தாண்டவில்லை, மூன்றையும் அடுத்த கோடைக்குள் அவர்களே குடித்துத் தீர்த்தார்கள். ஏன் தாண்டவில்லை? ஊர் எழுவதற்குள் தெருப் பனியை எல்லாம் தள்ளி முடித்துவிட வேண்டும் என்று முப்பத்தைந்து வருடம் நகராட்சி லாரி ஓட்டியவன், ஊறிய தானியத்தில் மிச்சச் சர்க்கரையை இறக்க ஊற்றும் அலசுத் தண்ணீரையும் அப்படித்தான், ஒரே கொட்டாகக் கொட்டிப் பெட்டியின் அடிக்குழாயை முழுக்கத் திறந்துவிடுவான். தானியம் இரண்டு மடங்கு, அலசக் கிடைப்பதோ கொஞ்சம் தண்ணீர், அதுவும் இப்படி ஓடினால் சர்க்கரை எப்படி இறங்கும், சக்கையிலேயே நின்றுவிடும், சக்கை பக்கத்து வீட்டு டெல்மரின் கோழிகளுக்குப் போய்விடும். அவளுக்கு இது தெரியும். முதல் வருடமே சக்கையில் ஒரு கை அள்ளி வாயில் போட்டுப் பார்த்தாள், பாகு ஊற்றிய கஞ்சி மாதிரி இருந்தது... தெரிந்தும் வாயைத் திறக்கவில்லை. முதல் புருஷன் ரோலண்டிடம் ஒன்றைச் சொன்னால் மூன்று நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வான், சொல்ல வந்ததை விழுங்குவது அப்படித்தான் பழகிப்போனது, ஆள் மாறியும் பழக்கம் மாறவில்லை.

நேற்றே அரவை உருளைகளை நெருக்கி வைத்து, தானியம் ஒவ்வொன்றும் உடைகிற மாதிரி அரைத்திருந்தாள். ஒரு மணி நேரம் ஊறினால் போதும் என்பான் அவன், இன்று ஒன்றரை. அலசுத் தண்ணீரும் கூடுதல், இரண்டு பங்காக, கிளறிக் கிளறி. கூடுதலானதைப் பிறகு கொதிக்கவைத்து வற்றவிட்டால் போகிறது. குழாயைத் திருகினாள், சாறு பென்சில் கனத்தில் இறங்கியது.

"இன்னும் கொஞ்சம் திற, மார்லிஸ். இந்த வேகத்துல போனா பத்தாவது வருஷம் இங்கயே வந்துரும்."

"வந்தா வரட்டும். நீ பேசாம உக்காரு." பிறகு, எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை, "சர்க்கரையெல்லாம் கோழிக்குப் போகுது ஆரின். மூணு வருஷமாப் போகுது."

"உனக்கெப்படித் தெரியும்?"

"தின்னு பாத்தேன். மொத வருஷம்."

துடுப்பை இறுகப் பிடித்துக்கொண்டு நின்றாள், இதோ முகம் மாறப்போகிறது, மூன்று நாளா, நாலா... இருமும்போது அழுத்திக்கொள்ள ஆஸ்பத்திரியில் கொடுத்த தலையணையை அவன் நெஞ்சோடு அழுத்திக்கொண்டு சிரித்தான், சிரித்தால் தையல் வலிக்கும், வலிக்க வலிக்கச் சிரித்தான். "அதான் டெல்மர் கோழிங்க நடக்க முடியாம நடக்குதா. நானும் ஏதோ சீக்குன்னுல்ல நெனச்சேன்." கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அப்பவே சொல்றதுக்கென்ன?" என்று கேட்டான். குறையாக இல்லை, சும்மா தெரிந்துகொள்ளத்தான் கேட்டான். நீ கேக்கலையே என்றாள், அது பொய் என்று அவளுக்கே தெரிந்தது.

சாறு முழுக்க இறங்க ஒன்றேகால் மணி நேரம், கொதித்து வற்ற இரண்டரை மணி நேரம். அவன் எழுந்திருக்கவில்லை, கடிகாரம் பார்க்கவில்லை, அவள் கொண்டுவந்த சூப்பைக் குடித்தான், குமிழ் வெடிப்பதைக் குழந்தை மாதிரி பார்த்துக்கொண்டிருந்தான். இரண்டு மணி வாக்கில் கொஞ்சம் சாறெடுத்து ஆறவைத்துக் கண்ணாடிக்குழலை மிதக்கவிட்டாள். தொண்ணூற்றேழு.

"நூறு இல்ல," என்றான்.

"இல்ல."

"தாங்குமா?"

"இருந்து பாத்தாத்தான் தெரியும்."

"சரி, இருந்து பாப்போம்," என்று கண்ணை மூடிக்கொண்டான், வெயிலில் படுத்த பூனை மாதிரி. இத்தனை நேரம் காத்திருக்க இவனால் முடிகிறதே, நெஞ்சைத் தைத்ததாலா, இல்லை, முன்பும் முடிந்திருக்குமா, யாராவது உட்காரு என்று சொல்லியிருந்தால்... சொல்லாமல் விழுங்கியது இது ஒன்றுதானா? ஞாயிறுதோறும் வந்து உட்காரும் அவன் அக்கா, குளிரிலும் திறந்தே கிடக்கும் படுக்கையறை ஜன்னல், ஆபரேஷனுக்கு முந்தின நாள் அவன் கையைப் பிடித்துக்கொண்டு சொல்ல வந்து சொல்லாமல் விட்டது... எதை முதலில் எடுப்பது, எடுத்தால் வருமா?

"ஆரின்," என்றாள்.

"ம்?" என்றான் அவன், கண்ணைத் திறக்காமல், அவசரமே இல்லாமல்.