பன்னிரண்டாவது கெம்பு

"டப்!"

கல் துளைக்கும் துறப்பணத்தின் நுனியிலிருந்து ஏதோ தெறித்து ஏசுஅடிமையின் நெற்றியில் பட்டது. தொட்டுப் பார்த்தார். விரலில் ரத்தம்.

"என்னவாக்கும் சத்தம்?" என்று கேட்டபடி அடுக்களையிலிருந்து ஜெயபாய் ஓடி வந்தாள்.

அவர் தரையில் குனிந்து தெறித்த சில்லைத் தேடினார். ஜன்னலோரம் கிடந்தது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். உடைந்த சோடா பாட்டிலின் விளிம்பு போல வழவழவென்று மின்னியது.

நெய்யூருக்கு மேற்கே, வீட்டின் முன்னறையில் உட்கார்ந்து பதினைந்து வருஷமாகக் கல்லுக்குத் துளை போடுகிறவர் அவர். கல்லை அரக்கு வைத்து ஒரு கட்டையில் ஒட்டுவார். துறப்பணத் தண்டின் நுனியில் கடுகளவு வைரச் சில்லு. தண்டின் தலையை இடது கையில் தேங்காய்ச் சிரட்டைத் துண்டால் அழுத்திக்கொண்டு, வலது கையால் வில்லை இழுத்தால் தண்டு சுழலும்; வைரம் கல்லைத் தின்னும். பாதி ஆழம் போனதும் கல்லைச் சூடு காட்டி எடுத்துப் புரட்டி ஒட்டி, மறுபக்கத்திலிருந்து மீதிப் பாதி. இரண்டு துளையும் நடுவில் மயிரிழை பிசகாமல் சந்திக்க வேண்டும். கெம்பு என்ற சிவப்புக் கல் ஒன்றுக்கு ஒரு பகல் ஆகும்.

இன்று காலை வில்லை எடுத்து ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. அதற்குள் நுனி கிடுகிடுவென்று இறங்கியது. கை அப்போதே சொன்னது. கேட்காமல் இழுத்தார். கல் தெறித்துவிட்டது.

கல்லா? கண்ணாடி!

பன்னிரண்டு கெம்பு. தென்னந்தோப்புக்காரர் முத்துநாயகத்தின் காலஞ்சென்ற தாயாருடைய பழைய அட்டிகையிலிருந்து எடுத்த கற்கள். முத்துநாயகத்தின் தங்கை முத்துக்கனிக்கு அடுத்த வாரம் கல்யாணம். கல்லைக் கோத்து மாலையாக்கித் தரும் வேலையை ஏற்று, துளை போட இவரிடம் கொடுத்திருப்பவர் வடசேரி நகைக்கடைப் பகவதியப்பன். இருவரும் இன்று மதியம் கல்லை வாங்க வருகிறார்கள். பதினொரு கல் முடிந்துவிட்டது. பன்னிரண்டாவது கண்ணாடி.

கல் துளைக்கிறவன் கல்லை மாற்றிவிட்டான் என்ற பேச்சு ஒரு தடவை வந்தால் போதும். நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் வரை எந்தக் கடைக்காரனும் அவர் வாசலை மிதிக்க மாட்டான். அதற்கும் முன்னால் இரணியல் போலீஸ் ஸ்டேஷன் இருக்கிறது.

அவர் மெல்லத் தலையைத் தூக்கி மனைவியைப் பார்த்தார். பார்வை சரியில்லை என்பது அவளுக்கு உடனே தெரிந்தது.

"என்னத்துக்கு என்ன அப்பிடிப் பாக்கிய?"

"ஞாயித்துக்கிழமை நான் ஆராதனைக்குப் போனப்ப பெட்டியத் தொறந்தியா?"

ஜெயபாய் கையை முந்தானையில் துடைத்தாள்.

"கல்லுப் பொதியில நான் போடுற முடிச்சு வேற. திரும்பி வந்து பாத்தா வேற முடிச்சு. தலைவலின்னு நீ மட்டும் வீட்டுல இருந்த. சொல்லு ஏட்டி."

"ஓ!" என்றாள் ஜெயபாய். "நாலு நாளா இத நெஞ்சுல வெச்சுக்கிட்டா எனக்க கையால கஞ்சி குடிச்சிய?"

"தொறந்தியா, இல்லியா?"

"தொறந்தேன். முத்துநாயகம் வந்திருந்தாரு. கல்லப் பாக்கணும்னாரு. அவருக்க கல்ல அவருக்குக் காட்ட மாட்டேன்னு சொல்ல முடியுமா? ஒவ்வொண்ணா எடுத்து எண்ணினாரு. நான் முடிஞ்சு வெச்சேன்."

"எனக்க கிட்ட ஏன் சொல்லல?"

"பெட்டியத் தொடாத, தொடாதன்னு தெனமும் வேதவசனம் கணக்கா சொல்லுவியளே! சொன்னா அன்னைக்கு முழுக்கச் சண்டை. அதாக்கும் சொல்லல."

முத்துநாயகமா? ஏசுஅடிமை யோசித்தார். சொந்தத் தங்கையின் கல்லை அண்ணனே மாற்றுவானா? கல்யாணச் செலவு கழுத்தை நெரித்தால் மாற்றுவான். அவர் எண்ணும்போது இவள் கண் கொட்டாமல் பார்த்தாளா? இல்லை, இவள் சொல்வதே பொய்யா? யோசிக்க யோசிக்க ஒவ்வொரு முகமாக இருண்டுகொண்டு போனது.

ஜெயபாய்க்கு அவர் முகம் போன போக்கைப் பார்க்கப் பொறுக்கவில்லை. கட்டையைப் பிடுங்கிக்கொண்டு அடுக்களைக்குப் போனாள். கனல் மேல் காட்டினாள். அரக்கு இளகியது. கல்லை இடுக்கியால் எடுத்தவள் அப்படியே நின்றாள்.

"இஞ்ச வாங்க! ஓடி வாங்க!"

கல்லின் மறுபக்கத்தில், இன்னும் துறப்பணம் படாத பக்கத்தில், ரத்தத் துளி போல ஒன்று கசிந்து நின்றது. ஜெயபாய் ஊசி முனையால் தோண்டினாள். உருகிய சிவப்பு அரக்கு வழிந்தது. அதற்குள்ளே ஒரு நெல் ஆழத்துக்குக் கச்சிதமான ஒரு குழி.

"நம்ம அரக்குல நான் செங்கப்பொடி கலந்தாக்கும் காய்ச்சுவேன். பழுப்பா இருக்கும். இது கெம்புச் செவப்பு" என்றாள். "ஒங்களுக்கு முன்னால வேற எவனோ இதுல துறப்பணம் வெச்சிருக்கான். கண்ணாடின்னு தெரிஞ்சதும் நிறுத்திட்டான். அந்தக் குழிய அடைச்சு, தேச்சு, மினுக்கி ஒங்க தலையில கட்டியாச்சு. நீங்க ரெண்டு பக்கமும் துளைச்சிட்டா அந்தக் குழியும் போயிரும். பொறவு ஆரக் கேட்டாலும் கல்ல மாத்தினவரு நீங்கதான்."

ஏசுஅடிமை சுவரில் சாய்ந்தார். கல்லை வாங்கும்போது ஒவ்வொன்றையும் நாக்கில் வைத்துப் பார்ப்பது அவர்கள் தொழில் வழக்கம். நல்ல கல் நாக்கில் நின்று குளிரும். கண்ணாடி உடனே சூடாகும். பகவதியப்பன் கையால் வந்த கல்லை மட்டும் அவர் நாக்கில் வைப்பதில்லை. முதன்முதலில் வேலை கொடுத்தவர். காய்ச்சலில் கிடந்தபோது தன் வண்டியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு அனுப்பியவர். அவர் முன்னால் நாக்கை நீட்டினால் உன்னை நம்பவில்லை என்று சொல்வது போலாகும். அந்த மரியாதைதான் இப்போது கழுத்தில் கயிறாக விழுந்திருக்கிறது.

"பகவதியப்பன் அண்ணாச்சி இப்பிடிச் செய்ய மாட்டாரு" என்றார்.

"பொண்டாட்டி மேல சந்தேகம் ஒடனே வந்துது. அண்ணாச்சி மேல வர மாட்டேங்குது, இல்லியா?"



வாசலில் வண்டி வந்து நின்றது. முதலில் வந்தவர் முத்துநாயகம்தான். பகவதியப்பன் பஸ்ஸில் வருகிறாராம்.

ஜெயபாய் எதையும் மறைக்கவில்லை. தெறித்த சில்லையும் குழியையும் அரக்கையும் காட்டி நடந்ததைச் சொன்னாள். கேட்கக் கேட்க முத்துநாயகத்தின் மீசை துடித்தது.

"கதை நல்லா இருக்கு" என்றார். "அம்மைக்க அட்டிகை அரக்கு வெச்சுப் பதிச்சதாக்கும். கல்லுல அரக்கு ஒட்டியிருக்கத்தான் செய்யும்."

"அரக்கு ஒட்டியிருக்கும். துளை இருக்குமா?"

"அத நீங்களே போட்டு அடைச்சிருந்தா? ஏசுஅடிமை, ஞாயித்துக்கிழமை நான் எண்ணினப்ப பன்னிரண்டும் ஒண்ணுபோல இருந்துது. எனக்குக் கல்லப் பத்தித் தெரியாது. ஆனா திருடனப் பத்திக் கொஞ்சம் தெரியும்."

"எங்க ரெண்டு பேரையும் நம்பாண்டாம்" என்றாள் ஜெயபாய். "ஒங்க நாக்க நம்புவியளா?"

துளை போட்டு முடித்த பதினொன்றில் ஒன்றை எடுத்து அவர் கையில் கொடுத்தாள். அவர் தயங்கித் தயங்கி நாக்கில் வைத்தார். கிணற்றுத் தண்ணீர் பட்டது போலச் சிலிர்த்தார். பிறகு தெறித்த கல்லை வைத்துப் பார்த்தார். வைத்த மாத்திரத்தில் சூடாகிவிட்டது.

"எது நல்லது, எது கண்ணாடின்னு இப்ப ஒங்களுக்கே தெரியும்" என்றாள். அந்த நல்ல கல்லை அவர் கண் முன்னாலேயே அரக்கில் ஒட்டினாள். ஓரத்தில் கொஞ்சம் அரக்கைப் பூசி, சில்லு தெறித்த இடத்தை மூடியது போலச் செய்தாள். ஆற விட்டுப் பித்தளைத் தட்டில் வைத்து அவர் முன்னால் தள்ளினாள். "இது ஒங்க கண்ண விட்டு அகலாண்டாம். அண்ணாச்சி வந்ததும் இதாக்கும் தெறிச்சுதுன்னு மட்டும் சொல்லுங்க. அவருக்கு ஒண்ணும் தெரியாதுன்னா, நாக்குல வெச்சுப் பாத்து நல்ல கல்லுன்னு சொல்லுவாரு."

"அப்பிடிச் சொல்லிட்டா?"

"அப்பிடிச் சொல்லிட்டா எங்க ரெண்டு பேரையும் ஒங்க வண்டியிலேயே ஸ்டேஷனுக்குக் கொண்டு போங்க."

ஏசுஅடிமை திடுக்கிட்டு அவளைப் பார்த்தார். அவள் அவரைப் பார்க்கவில்லை. கண்ணாடிக் கல்லை உள்ளங்கையில் வைத்து மூடிக்கொண்டு கதவோரம் போய் நின்றாள்.

முத்துநாயகம் தலையை ஆட்டினார். "சரி. பாத்திருவோம்."

மூவரும் காத்திருந்தார்கள். தட்டில் சிவப்பாக ஒரு துளி மின்னியது. ஏசுஅடிமைக்கு எதை வேண்டுவது என்று தெரியவில்லை. அண்ணாச்சி நல்ல கல் என்று சொன்னால் ஸ்டேஷன். கண்ணாடி என்று சொன்னால் பதினைந்து வருஷமும் பொய். கர்த்தரிடம் அவர் ஒன்றும் கேட்காமலேயே இருந்துவிட்டார்.

குடையைத் தரையில் ஊன்றிக்கொண்டு பகவதியப்பன் உள்ளே வந்தார். சந்தன வாசனை அறையெல்லாம் பரவியது.

"என்ன ஓய், நெத்தியில செவப்பா பொட்டு? சபைக்காரன் குங்குமம் வெச்சா பாதிரியாரு சும்மா விடுவாரா?" என்று தானே சிரித்தார். யாரும் சிரிக்கவில்லை. "என்னவே, எழவு வீடு கணக்கா இருக்கிய?"

"கல்லு ஒண்ணு தெறிச்சுப் போச்சு அண்ணாச்சி" என்றார் ஏசுஅடிமை.

பகவதியப்பன் சிரிப்பை நிறுத்தினார். முகத்தில் அதிர்ச்சி வந்தது. கொஞ்சம் தாமதமாக வந்தது போல ஏசுஅடிமைக்குப் பட்டது. அல்லது அதுவும் சந்தேகக் கண்ணின் வேலையோ?

"தெறிச்சுதா? கெம்பு எங்கயாவது தெறிக்குமா? என்ன ஓய் சொல்லுதீரு!"

முத்துநாயகம் தட்டை நகர்த்தினார். "இதாக்கும் தெறிச்சது."

"நாக்குல வெச்சுப் பாத்துச் சொல்லுங்க அண்ணாச்சி" என்றாள் கதவோரத்திலிருந்து ஜெயபாய். "நீங்க சொன்னா சரியா இருக்கும்."

பகவதியப்பன் கட்டையை எடுத்தார். ஜன்னல் பக்கம்கூடத் திரும்பவில்லை. கண்ணை மூடிக்கொண்டு நுனிநாக்கில் தொட்டும் தொடாமலும் வைத்தார். உடனே எடுத்துவிட்டார். பெருமூச்சு விட்டார். ஏசுஅடிமையைப் பார்த்துத் துக்கத்தோடு தலையை ஆட்டினார்.

முத்துநாயகத்தின் கண்கள் அந்த நாக்கை விட்டு நகரவேயில்லை.

"பதினஞ்சு வருஷம் ஒம்ம நம்பினேனே ஓய்!" என்றார் பகவதியப்பன். "நாயகம், சந்தேகமே வேண்டாம். நாக்குல வெச்சதும் சுடுது. இது வெறும் கண்ணாடியாக்கும்."